ஹோப்ஸில் இறங்கி, கணபதி வரை

கண்டக்டர் "ஹோப்ஸ்… ஹோப்ஸ்" என்று இரண்டு முறை கத்தி, மூன்றாவதாக என்னைப் பார்த்து, "அண்ணா, ஹோப் காலேஜ் கேட்டீங்கல்ல?" என்றார். இறங்கினேன். கோவை அவிநாசி சாலையில் அப்படி ஒரு கல்லூரி இல்லை. பேக்கரி உண்டு, மருந்துக்கடை உண்டு, சற்றுத் தள்ளி 1956-ல் தொடங்கிய சி.ஐ.டி. கல்லூரி உண்டு. ஹோப்பைக் காணோம்.

அது இருந்த கல்லூரிதான். 1945-ல் ஜி.டி. நாயுடுவின் முயற்சியில் ஒரு பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் தொடங்கி, அப்போதைய மதராஸ் கவர்னர் ஆர்தர் ஹோப்பின் பெயரைச் சூட்டினார்கள். கல்லூரி பிற்பாடு தடாகம் சாலைக்குப் போய் ஜி.சி.டி. என்ற அரசுக் கல்லூரி ஆகிவிட்டது. பெயர் மட்டும் பஸ்ஸை விட்டு இறங்கி இங்கேயே நின்றுவிட்டது.

நாயுடு பள்ளிப் படிப்பைப் பாதியில் உதறியவர். 1920-ல் ஒரே ஒரு பஸ்ஸை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஓட்டியவர். 1937-ல் டி. பாலசுந்தரத்தோடு சேர்ந்து இந்தியாவின் முதல் மின்மோட்டாரைச் செய்தவர். அப்படிப்பட்டவர் அந்தக் கல்லூரியின் முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்தால் என்ன சொல்வார்? என்ஜினீயர் ஆக நாலு வருஷம் எதற்கு, இரண்டு வருஷம் போதும் என்றார். அரசாங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் விலகிக்கொண்டார். அமெரிக்காவில் 1901-லேயே ஜோலியட் என்ற ஊரில் இரண்டாண்டுக் கல்லூரி ஒன்று தொடங்கியிருந்தது. பின்னாளில் அந்த நாடு முழுக்கப் பரவிய சமுதாயக் கல்லூரிகளுக்கு அதுதான் மூத்தது. நாயுடு அதை மனதில் வைத்துப் பேசினாரோ, பட்டறை அனுபவத்தில் பேசினாரோ, வாதம் என்னவோ ஒன்றுதான். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். பாலம் கட்டுகிறவர் இரண்டு வருஷத்தில் வெளியே வரவேண்டாம் என்று நினைக்கிறவன் நான். லேத்துக்காரர் விஷயம் வேறு.

அந்த வேறு விஷயத்தைப் பார்க்கத்தான் வந்திருந்தேன். பீளமேட்டைத் தாண்டி ஆவாரம்பாளையத்துக்குள் நுழைந்தால் தெருவுக்கே ஒரு வாசனை. வெட்டெண்ணெயும் சூடான இரும்பும் கலந்த வாசனை. வீட்டுக்கு முன்னால் கோலம், பக்கத்துச் சந்தில் லேத்து. ஒரு சந்தில் இம்பெல்லர், அடுத்ததில் கிரைண்டர் கல்லுக்கான டிரம், அதற்கடுத்து மோட்டார் பாடி. ஒரு முழு பம்பு எந்த ஒரு கூரையின் கீழும் பிறப்பதில்லை, தெருத் தெருவாக அலைந்துதான் பிறக்கிறது.

நான் போன பட்டறை கணபதியில். மூன்று லேத்து, ஒரு சிஎன்சி, மேலே தகரக் கூரை. போர்வெல்லுக்குள் இறங்கும் சப்மெர்சிபிள் மோட்டாருக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கும் ஜாப் ஒர்க். முதலாளிக்கு ஐம்பத்தைந்து இருக்கும். கையில் டீ டம்ளரைக் கொடுத்துவிட்டு ஒரு ஷாஃப்டை என் மடியில் வைத்தார்.

"இதுல ரெண்டு பாயிண்ட் தப்புச்சுன்னா என்ன ஆகுமுங்க தெரியுமா?"

ரெண்டு பாயிண்ட் என்றால் ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு. தலைமுடி கனத்தில் கால்வாசியோ மூன்றில் ஒன்றோ. ஷாஃப்ட் அந்த அளவு மெலிந்தால் புஷ்ஷுக்குள் ஆட்டம் கொடுக்கும். ஆட்டம் கொடுத்தால் புஷ் தேயும். தேய்ந்தால் மோட்டார் உள்ளேயே பிடித்துக்கொள்ளும். கொங்குப் பக்கம் போர்வெல் ஆயிரம் அடியைத் தாண்டிப் போகிறது. அந்த ஆழத்திலிருந்து மோட்டாரைத் தூக்க ஆள், செயின் பிளாக், ஒரு நாள் கூலி எல்லாம் வேண்டும். அதற்குள் தோட்டம் காய்ந்துவிடும். விவசாயி கம்பெனியைத் திட்டுவார், கம்பெனி இவரைத் திட்டும்.

"ரெண்டு பாயிண்டைப் புடிக்கற பையனத் தயார் பண்ண ஆறு மாசம் ஆகுதுங்க. அந்த ஆறு மாசமும் அவன் கெடுக்கற மெட்டீரியல் என்ற செலவு. பழகினதும் அடுத்த சந்துல ஐநூறு சேத்திக் குடுக்கறேன்னா போயிர்றான். தீவாளி போனஸ் வாங்குன மறுநாள் பாதி லேத்து நின்னுரும்."

கோபம் வரலையா என்றேன்.

"எப்பிடி வருமுங்க? நானும் அப்பிடித்தான வந்தேன்."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கோவைத் தொழிலின் முடிச்சு முழுவதும் அந்த இரண்டு வாக்கியத்தில் இருப்பதாகப் பட்டது. பழக்குவது ஒருவர் செலவு, பழகிய கை எல்லோருக்கும் வரவு. அதனால் யாரும் பழக்காமல், பழகிய ஆளைத் தேடுகிறார்கள். கிணறு வெட்டும் ஊர் இது. 1932-ல் பைகாரா மின்சாரம் வந்து, கவலை இறைத்த காளைகளுக்கு விடுதலை கொடுத்து, பம்பு என்ற பொருளை இந்த மண்ணின் பயிராகவே ஆக்கியது. கிணறு அவரவர் காட்டில் அவரவர் வெட்டலாம். குளம் வெட்ட மட்டும் ஊர் கூட வேண்டியிருக்கிறது. இன்றைக்கு வேலை பழக்குவது குளம் வெட்டுவது மாதிரி.

பெரிய ஆலைகளுக்குச் சட்டம் இருக்கிறது. 1961-ன் பயிற்சியாளர் சட்டப்படி 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் அப்ரண்டீஸ் எடுத்தே ஆகவேண்டும். மூன்று லேத்துப் பட்டறையை அது கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் ஆவாரம்பாளையமும் கணபதியும் நிறைந்திருப்பது மூன்று லேத்துப் பட்டறைகளால்தான்.

மறுநாள் காலை ஒரு ஐடிஐக்குப் போனேன். எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. பத்தாவதில் கணக்கில் நான் வாங்கிய மார்க்கைப் பார்த்து ஐடிஐ விண்ணப்பம் வாங்கி வந்த மாமாவிடம் ஒரு மாதம் பேசாமல் இருந்தவன் நான். அந்த வயதில் ஐடிஐ என்றால் தோற்றவர்கள் போகும் இடம். இன்றும் பல வீடுகளில் அப்படித்தான். பட்டறை முதலாளிகளே மகனைக் கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்த்துவிட்டு, லேத்துக்கு ஆள் கிடைக்கவில்லை என்கிறார்கள்.

ஃபிட்டர் பிரிவு. நீளமான மேசைகள், வரிசையாக வைஸ், ஒவ்வொன்றிலும் ஒரு இரும்புப் பட்டை, ஒரு பிள்ளை. இருபது அரங்கள் ஒன்றாகத் தேய்கிற சத்தம் காதில் பல் கூசுவதுபோல் இருக்கும். சற்று நேரத்தில் பழகி, மழைச் சத்தம் மாதிரி ஆகிவிடுகிறது. மாணவர்களுக்கு நடுவே மூன்று மாணவிகள். ஒரு பெண் அரத்தின் மேல் சாக்பீஸைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எதற்கு என்றேன்.

"பல்லுல தூள் அடைக்காம இருக்குங்க சார். அடைச்சுதுன்னா கோடு உழுந்துரும்."

பட்டையை எடுத்து மூலைமட்டத்தை அதன்மேல் வைத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார் பயிற்றுநர். விளிம்புக்கும் மட்டத்துக்கும் நடுவே மயிரிழையாக வெளிச்சம். ஒன்றும் பேசாமல் திருப்பிக் கொடுத்தார். அந்தப் பெண்ணும் ஒன்றும் பேசாமல் மறுபடி வைஸில் மாட்டினாள். வெளிச்சம் தெரியாத வரைக்கும் இதுதான். முதல் வருஷத்தில் பெரும்பகுதி இப்படியே ஓடும் என்றார். மொத்தம் இரண்டு வருஷம். நாயுடு கேட்ட அதே கணக்கு.

அடுத்த கட்டடத்தில் புது இயந்திரங்கள். தமிழக அரசு டாடா டெக்னாலஜீஸோடு சேர்ந்து 71 அரசு ஐடிஐகளில் தொழில் 4.0 மையங்கள் அமைக்கும் திட்டத்தில் வந்தவை. மையங்கள் 2023-ல் திறக்கத் தொடங்கின. ரோபோக் கை, சிஎன்சி, முப்பரிமாண அச்சு என்று அந்த மையங்கள் பளபளக்கின்றன. இவ்வளவு இருக்க அரம் எதற்கு என்று கேட்டே விட்டேன்.

"பிழை வந்தா ஸ்கிரீன்ல நம்பர் காட்டும் சார். எதனால வந்துச்சுன்னு காட்டாது. டூல் தேஞ்சுதா, ஜாப்பைச் சரியா மாட்டலையா, மெட்டீரியலே கோணலா? இரும்பு எப்படி அடம் புடிக்கும்னு கை பார்த்திருக்கணும்."

ஐடிஐயில் கட்டணம் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு, பஸ் பாஸ் உண்டு. அரசுப் பள்ளியில் படித்து வந்த பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய். பையன்களுக்கான தமிழ்ப்புதல்வன் திட்டத்தை முதலமைச்சர் 2024 ஆகஸ்டில் தொடங்கியதே கோவையில்தான். பயிற்றுநரின் கவலை வேறு. படிப்பு முடித்த பையன்களைப் பெரிய கம்பெனிகள் வளாகத்துக்கே வந்து அள்ளிக்கொள்கின்றன. சின்னப் பட்டறைக்காரர்கள் வருவதில்லை. அவர்களுக்கு இங்கே வரத் தெரியவில்லை, இவர்களுக்கு அங்கே போகத் தெரியவில்லை.

"அதுல பொண்ணுங்களைக் கேட்டு ஒரு பட்டறைகூட வந்ததில்ல சார். வேலை தெரியாதுன்னு இல்ல. பாத்ரூம் கிடையாது."

ஒரு காலத்தில் பட்டறையும் பள்ளிக்கூடமும் இவ்வளவு தூரத்தில் இல்லை. 1926-ல் பி.எஸ். கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு மகன்கள் சொத்தை ஐந்தாகப் பிரித்து ஐந்தாவது பங்கை அறத்துக்கு ஒதுக்கினார்கள். அதில் பிறந்த பி.எஸ்.ஜி. தொழிற்கூடம் பம்பும் மோட்டாரும் செய்து விற்றது. அதே வேலையிடத்தில் ஆளும் பழகியது. 1939-ல் பாலிடெக்னிக், 1951-ல் ஜி.ஆர். தாமோதரனை முதல்வராகக் கொண்டு தொழில்நுட்பக் கல்லூரி. அங்கே பயிற்சிக்காகச் செய்த சாமானைக் குப்பையில் போட வேண்டியதில்லை. அது யாரோ ஒருவர் காட்டில் தண்ணீர் இறைக்கப் போகும். மார்க்குக்காகத் தேய்ப்பதற்கும் வாடிக்கையாளருக்காகத் தேய்ப்பதற்கும் நடுவே ஒரு பயம் இருக்கிறதே, அந்தப் பயம் பாடத்திட்டத்தில் வராது.

கூடி வேலை செய்யத் தெரியாத ஊரும் இல்லை இது. 1952-லேயே பொறியியல் உற்பத்தியாளர்கள் சீமா என்று சங்கம் கண்டார்கள். பம்பைச் சோதிக்க ஆளுக்கொரு கூடம் கட்ட முடியாது என்று பொதுவில் சிட்டார்க் என்ற சோதனைக்கூடம் வந்தது. மில்காரர்களுக்கு 1956 முதல் சிட்ரா என்ற ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. போட்டியாளர் பம்பை அடுத்த மேடையில் வைத்தே தன் பம்பையும் சோதிக்கச் சம்மதித்தவர்கள், ஆளைப் பழக்கும் விஷயத்தில் மட்டும் ஏன் ஆளுக்கொரு சந்தாக நிற்கிறார்கள் என்பது எனக்குப் புரியவில்லை. பம்பு ராத்திரியோடு ராத்திரியாக அடுத்த கம்பெனிக்கு ஓடிப்போகாது என்பது காரணமாக இருக்கலாம்.

மதியம் அரசூர்ப் பக்கம் ஒரு ஃபவுண்டரி. இங்கே எந்தப் பயிற்சி நிலையத்தின் நிழலும் விழவில்லை. மோல்டிங் தளத்தில் நின்ற பன்னிரண்டு பேரில் பத்துப் பேர் பீகாரும் ஒடிசாவும். ஒருவர் குனிந்து கருமணலில் ஒரு பிடி எடுத்து, உள்ளங்கையில் வைத்து இறுக்கி, விரித்தார். மணல் கொழுக்கட்டை மாதிரி விரல் தடத்தோடு நின்றது. இரண்டு கையாலும் ஒடித்தார். சுத்தமாக இரண்டாக உடைந்தது. சரி என்று தலையை ஆட்டிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். ஈரம் கூடினால் இரும்பு ஊற்றும்போது ஆவி கிளம்பி வார்ப்பில் ஓட்டை விழும். குறைந்தால் அச்சு உதிரும். ஊற்றும் இரும்பு 1400 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். யார் கற்றுக்கொடுத்தது என்று எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் கேட்டேன். தன் ஊரிலிருந்து முன்னால் வந்த அண்ணன் என்றார். எட்டு வருஷ வேலை. ஒரு துண்டுச் சான்றிதழ் கிடையாது. நம் பாடமெல்லாம் தமிழிலும் ஆங்கிலத்திலும். இந்த ஊர்ப் பம்புக்கு உடம்பு கொடுக்கும் கை மட்டும் வேறு மொழி பேசுகிறது.

சாயங்காலம் மறுபடி கணபதி. பழைய லேத்தில் ஒரு பெரியவர், பக்கத்தில் போன மாதம் சேர்ந்த ஐடிஐ பையன். பெரியவர் பத்து வயதில் இரும்புச் சுருள் கூட்டப் பட்டறைக்குள் வந்தவராம். ஷாஃப்ட் சுழன்றுகொண்டிருந்தது. திடீரென்று தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, கை நீட்டி லேத்தை நிறுத்தினார். எனக்கு எந்த வித்தியாசமும் கேட்கவில்லை. பையன் மைக்ரோமீட்டரை வைத்து அளந்தான்.

"மூணு பாயிண்ட் ஜாஸ்தி தாத்தா."

"டூல் போயிருச்சு, பாரு."

பையன் டூலைக் கழற்றி லென்ஸில் பார்த்தான். முனையில் ஒரு துளி உடைந்திருந்தது. சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எத்தனையாவது ஷாஃப்டில் டூல் உடைந்தது என்று தேதி போட்டு எழுதினான். "இதையேங்கண்ணு எழுதற?" என்றார் பெரியவர். அடுத்த வாட்டி உடையறதுக்கு முன்னாடியே மாத்திரலாம் தாத்தா என்றான். பெரியவர் நோட்டை வாங்கித் தூரமாகப் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

கிளம்பும்போது முதலாளி வாசல்வரை வந்தார்.

"ஐடிஐக்கு வேற போனீங்களாமா. இவனாட்டம் இன்னொரு பையன் இருந்தாச் சொல்லுங்க தம்பி."

பயிற்றுநரின் நம்பரைக் கொடுத்தேன். "பையன்தான் வேணுமாங்கண்ணா? அரத்துல வெளிச்சம் தெரியாமத் தேய்க்கற புள்ள ஒண்ணு இருக்குது" என்றேன்.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. திரும்பிப் பட்டறையின் பின்பக்கம் பார்த்தார். பழைய டிரம்கள் அடுக்கியிருந்த மூலை, ஒரு தண்ணீர்க் குழாய், காம்பவுண்டுச் சுவர்.

"அந்த டிரம்மயெல்லாம் எடுத்துப் போட்டுட்டு ஒரு கக்கூஸ் கட்டோணுமுங்க," என்றார். "கொத்தனாரைக் கேக்கறேன், எவ்வளவு ஆகும்னு."