சாக்பீஸில் எழுதும் பெயர்

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில், வேலூர் சாலையிலிருந்து உள்ளே பிரிகிற ஒரு தெருவில் சின்ன ஆலயம் ஒன்று இருக்கிறது. வாசல் பலகையில் எல்லாமே பெயிண்டில் எழுதியிருக்கும்: ஞாயிறு ஆராதனை நேரம், பெண்கள் கூட்டம், உபவாச ஜெபம், போதகர் பெயர். ‘செய்தி’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு முழ அகலத்துக்கு வெறும் கறுப்பு. சனிக்கிழமை சாயங்காலம் ஒரு பையன் வந்து ஈரத்துணியால் அதைத் துடைத்துவிட்டு, சாக்பீஸால் ஒரு பெயரை எழுதிவிட்டுப் போவான். செங்கத்திலிருந்து ஒருவர், போளூரிலிருந்து ஒருவர், சில வாரம் சென்னையிலிருந்து ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர். பௌர்ணமி ஞாயிறோடு சேர்ந்துகொண்டால், வருகிறவர் கிரிவலக் கூட்டத்தைப் பிளந்து வந்து சேர்வதற்குள் இரண்டு பாட்டு கூடுதலாகப் பாடவேண்டியிருக்கும்.

அந்த ஒரு வரிமேல் எனக்கு அப்படி ஓர் ஈர்ப்பு. ஆராதனையில் மற்றதெல்லாம் தெரிந்ததுதான். எந்தப் பாட்டுக்குப் பின் எந்த ஜெபம், எப்போது எழுந்து நிற்பது, காணிக்கைப் பை எந்த வரிசையிலிருந்து புறப்படும், எல்லாம் குழந்தைகளுக்கே மனப்பாடம். அப்படி மனப்பாடமாக இருப்பதில் ஒரு நிம்மதியும் இருக்கிறது. ஆனால் வெளியூர்க்காரர் ஒருவர் எழுந்து வாய் திறந்துவிட்டால் அடுத்து என்ன வரும் என்று மூப்பருக்கும் தெரியாது, போதகருக்கும் தெரியாது. வாரம் முழுக்கத் தான் பார்த்துப் பார்த்து வளர்த்த சபையை இன்னொருவர் கையில் அரைமணி நேரம் ஒப்படைத்துவிட்டு, போதகர் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்கிறார். அதற்குப் பெரிய மனசு வேண்டும்.

சிறுவயதில் நாங்கள் போன கோயில் இதைவிடவும் சின்னது. நாட்டு ஓடு வேய்ந்த கட்டடம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், பாயில் உட்காருவோம். எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். அப்போதிருந்த ஐயர், ஓர் அறுப்பின் பண்டிகைக்குச் செய்தி கொடுக்க உயர்நிலைப் பள்ளித் தமிழாசிரியரை அழைத்துவிட்டார். தமிழையா பழுத்த சைவர். நெற்றி நிறையத் திருநீறு இல்லாமல் அவரைப் பார்த்தவர் எங்கள் ஊரில் யாரும் கிடையாது.

பண்டிகையன்று பீடத்துக்கு முன்னால் படைப்பு குவிந்திருந்தது. நெல் மூட்டை, மண் உதிராத மல்லாட்டைக் கொடி, பூசணிக்காய், வாழைத்தார், காலைக் கட்டிப்போட்ட சேவல். ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். தமிழையா வாசலில் செருப்பை விட்டு, மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு உள்ளே வந்தார். “மேல வந்து நில்லுங்கய்யா” என்றார் ஐயர். “அது நீங்க நிக்கிற எடம்ங்க. நான் இங்கயே நிக்கறேன்” என்று சொல்லிவிட்டு மல்லாட்டைக் குவியலுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

அவர் சொன்னது இளையான்குடி மாறனார் கதை. பெரியபுராணம் படித்தவர்களுக்குத் தெரியும். வாழ்ந்து கெட்ட குடும்பம். அடைமழை ராத்திரியில் ஒரு சிவனடியார் வந்து கதவைத் தட்டுகிறார். வீட்டில் ஒரு பிடி அரிசி இல்லை. பகலில் விதைத்த நெல் வயலில் முளைவிட்டு மிதக்கும், அதை வாரிக்கொண்டு வந்தால் சமைக்கலாம் என்று மனைவி சொல்கிறாள். கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு இருட்டில் காலால் தடவித் தடவி வயலுக்குப் போகிறார் மாறனார். விறகு இல்லை, கூரையின் வரிச்சுகளை வெட்டி எடுக்கிறார்கள். கறிக்கு இல்லை, குழியிலிருந்த இளங்கீரையைப் பறிக்கிறார்கள். ஈர நெல்லை அந்த அம்மா வறுத்துக் குத்தி உலையில் போடுகிறாள். தமிழையா இதைச் சொன்னபோது பாட்டாகப் பாடவில்லை, பதம் பிரிக்கவில்லை. களத்து மேட்டில் உட்கார்ந்து பக்கத்து வீட்டுச் சமாசாரம் சொல்கிற குரலில் சொன்னார். மழை ஓட்டின்மேல் விழுகிற சத்தம் எனக்குக் கேட்டது. வெளியே நல்ல வெயில்.

முடித்து அவர் கைகூப்பியதும், பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி எழுந்தாள். கோயிலில் அப்படி யாரும் எழுந்து கேட்டதில்லை. “வெத நெல்ல வாரிட்டா அந்த வருசம் என்னத்த அறுத்தாங்க சாமி?” என்றாள். தமிழையா சற்று நின்று, “கடவுளே காட்சி கொடுத்து அவங்களத் தன் உலகத்துக்குக் கூட்டிக்கிட்டாரும்மா” என்றார். “அப்பச் சரி. நமக்கு அப்படி இல்லையே, நாம அறுத்துத்தான ஆவணும்” என்று சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்தாள். தமிழையா அவளைப் பார்த்து இன்னொரு முறை கைகூப்பினார்.

அறுப்புப் பண்டிகையைப் பற்றி அதற்குப் பிறகு எத்தனையோ பிரசங்கம் கேட்டுவிட்டேன். விதைத்ததை இழப்பது என்றால் குடும்பத்துக்கு என்ன என்பதை அன்று அந்த இரண்டு பேரும் சேர்ந்து காட்டியதுபோல யாரும் காட்டவில்லை. அன்று சாயங்காலமே மூப்பர் ஒருவர் ஐயரிடம் வந்து, நம் கோயிலில் நாயன்மார் கதை எதற்கு என்று கேட்டார். “அடுத்த அறுப்புக்கும் அவரத்தான் கூப்பிடப் போறேன்” என்றார் ஐயர். கூப்பிடவும் செய்தார்.

இப்படிக் கதவைத் திறந்துவைத்த சிறு சபைகள் நம் பக்கத்தில் எப்போது தொடங்கின என்று தேடிப் படிக்கப்போய், சென்னைப் புரசைவாக்கத்தில் வந்து நின்றேன். திருவேங்கடம் என்று ஒரு தமிழர். வெள்ளைக்காரர்களிடம் வேலை பார்த்துப் பிழைத்தவர். அந்த வேலையே அவரை இங்கிலாந்துக்கும் கொண்டுபோனது. அங்கே கிறிஸ்தவராகி வில்லியம் ராபர்ட்ஸ் ஆனார். தியோபிலஸ் லின்ட்சி, ஜோசப் பிரீஸ்ட்லி என்ற இரண்டு பேருடைய சிறுநூல்கள் அவருக்குக் கிடைத்தன. கடவுள் ஒருவரே, இயேசு அவரால் அனுப்பப்பட்ட மனிதர், திரித்துவம் பிற்காலத்தில் வந்து சேர்ந்தது என்று அவை வாதிட்டன. படித்துத் தெளிந்து ஊர் திரும்பிய ராபர்ட்ஸ், 1795இல் சென்னையில் அந்தக் கொள்கை வழியில் யூனிட்டேரியன் சபையைத் தொடங்கினார். பட்டம் கிடையாது, பின்னால் நின்று பணம் அனுப்ப மிஷன் கிடையாது. வழிபாட்டு ஒழுங்கைத் தமிழில் தாமே ஆக்கிக்கொண்டார். 1813இல் புரசைவாக்கத்தில் ஒரு சிறு ஆலயமும் எழும்பியது. லண்டனில் இருந்த யூனிட்டேரியன் சங்கத்துக்கு அவர் எழுதிய கடிதங்கள் 1818இல் அங்கே அச்சாயின.

யாருடைய எழுத்தைப் படித்து இந்த மனிதர் இப்படித் துணிந்தார் என்பதையும் பார்க்கவேண்டும். லின்ட்சி, அரசுத் திருச்சபையில் நல்ல வருமானமுள்ள பதவியை விட்டவர். 1774 ஏப்ரல் 17, ஞாயிற்றுக்கிழமை, லண்டன் எஸ்ஸெக்ஸ் தெருவில் ஏலக்கூடமாக இருந்த ஓர் அறையில் தம் முதல் ஆராதனையை நடத்தினார். வந்து உட்கார்ந்தவர்களில் ஒருவர் பெஞ்சமின் பிராங்க்ளின். பிரீஸ்ட்லியைப் பள்ளிக்கூடப் பாடத்தில் ஆக்சிஜனோடு சேர்த்துப் படித்திருப்போம். அதே 1774இல்தான் அந்த வாயுவைப் பிரித்தெடுத்தார். 1791 ஜூலையில் பர்மிங்காமில் ஒரு கும்பல் அவருடைய வீட்டையும் ஆய்வுக்கூடத்தையும் ஆலயத்தையும் கொளுத்திவிட்டது. திரித்துவத்தை மறுப்பது இங்கிலாந்தில் குற்றமில்லை என்று சட்டம் வந்தது 1813இல். புரசைவாக்கத்தில் ஆலயம் எழுந்த அதே வருஷம். சென்னையில் ஒரு வேலைக்காரர் அந்தச் சட்டத்துக்காகக் காத்திருக்காமல் பதினெட்டு வருஷம் முன்னதாகவே சபையைக் கூட்டிவிட்டார் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. நம் பாடநூல்களில் அவருக்கு ஒரு பத்தி ஒதுக்கலாம்.

கல்கத்தாவில் நடந்தது இன்னும் விசேஷம். வில்லியம் ஆடம் என்ற பாப்டிஸ்ட் மிஷனரி, ராம்மோகன் ராயோடு உட்கார்ந்து புதிய ஏற்பாட்டை வங்காளியில் பெயர்த்துக்கொண்டிருந்தார். மதம் மாற்ற வந்தவர், 1821 வாக்கில் ராயின் வாதத்தில் தாமே மாறி யூனிட்டேரியன் ஆகிவிட்டார். இரண்டாம் முறை வீழ்ந்த ஆதாம் என்று சக மிஷனரிகள் அவரை ஏசினார்கள். ஆடம் நடத்திய ஆராதனைக்கு ராம்மோகன் போய்வந்துகொண்டிருந்தார். ஒருநாள் திரும்பும் வழியில், நமக்கென்று ஒரு வழிபாட்டு இடம் வேண்டாமா என்று உடன் வந்த நண்பர்கள் கேட்டார்கள். 1828இல் பிரம்ம சபை பிறந்தது அப்படித்தான். விருந்தாளியாக இன்னொருவர் வீட்டு வழிபாட்டில் உட்கார்ந்தவர்கள், தங்களுக்கென்று ஒரு வீடு கட்டிக்கொண்டார்கள். 1864இல் அந்தச் சபை வழிவந்த கேசவ சந்திர சென் சென்னைக்கு வந்து பேசினார். அந்தப் பேச்சின் சூடு ஆறுமுன் இங்கே வேத சமாஜம் தொடங்கிவிட்டது. சிறீதரலு நாயுடு என்பவர் அதற்கு உயிர்கொடுத்து, 1871இல் தென்னிந்திய பிரம்ம சமாஜமாக ஆக்கினார்.

மேகாலயத்தில் ஜோவாய் என்ற ஊர். ஹஜோம் கிஸ்ஸோர் சிங் என்ற காசி இளைஞர் 1887 செப்டம்பர் 18, ஞாயிறன்று தம் வீட்டிலேயே இதே ஒரு கடவுள் வழிபாட்டைத் தொடங்கினார். அந்தச் சபைகளைத் தேடிக்கொண்டு 1896இல் மலையேறி வந்தவர் அமெரிக்கப் போதகர் ஜாபெஸ் சண்டர்லேண்ட். போதிக்க வந்த அந்த விருந்தாளி என்ன ஆனார் தெரியுமா? ஊர் திரும்பி, இந்திய விடுதலைக்காக வாழ்நாளெல்லாம் வாதாடினார். இந்தியாவின் அடிமைத்தனத்தைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்தை 1929இல் ஆங்கில அரசு தடைசெய்து, கல்கத்தாவில் வெளியிட்ட ராமானந்த சட்டர்ஜி மீது வழக்குப் போட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்துக்கு வருகிறவர் எதைக் கொடுத்துவிட்டுப் போகிறார் என்பதோடு, எதை எடுத்துக்கொண்டு போகிறார் என்பதும் முக்கியம்தான்.

எங்கள் ஊரில் இந்த இரண்டாவது வகைதான் அதிகம். பிரான்சிலிருந்து வந்த பெனடிக்டின் துறவி ஆன்றி லெ சோ, 1949 ஜனவரியில் தம் மூத்த தோழர் மோன்ஷானினோடு ரமணாசிரமத்துக்கு வந்தார். அடுத்த வருஷமே இருவரும் குளித்தலை பக்கம் தண்ணீர்ப்பள்ளியில் சாந்திவனத்தைத் தொடங்கினார்கள். லெ சோ அபிஷிக்தானந்தர் என்ற பெயரோடு மறுபடி மறுபடி அருணாசலத்துக்கு வந்து, மலைக்குகைகளில் தங்கினார். ரமணர் கூடத்தில் மேடையும் இல்லை, பிரசங்க நேரமும் இல்லை. உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ பேசத் தெரிந்தவர்கள் வந்தார்கள். வந்து உட்கார்ந்து கேட்பவர்களானார்கள்.

இத்தனை பெரிய வழக்கம் உள்ள ஊரில், இப்போது அழைப்புகள் சுருங்கிவருவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. வெளியூர்க்காரரை அழைக்கிறோம், ஆனால் நாம் சொல்வதையே நம்மைவிடச் சத்தமாகச் சொல்கிறவரா என்று விசாரித்துவிட்டு அழைக்கிறோம். தலைப்பையும் நாமே அனுப்புகிறோம். பேசிமுடித்ததும் பொன்னாடை, படம், சாப்பாடு. கேள்விக்கு நேரமே இல்லை. கோயில்களிலும் அப்படி, மன்றங்களிலும் அப்படி. அந்தப் பாட்டி எழுந்து நிற்க இன்று எங்கே இடம் இருக்கிறது?

வேங்கிக்காலிலும் சுற்றுவட்டாரத்திலும் சபையோ, பஜனை மடமோ, சன்மார்க்க சங்கமோ நடத்துகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இது. வருஷத்தில் ஒரு ஞாயிறாவது உங்கள் நம்பிக்கைக்கு வெளியே இருக்கிற ஒருவரைப் பேசக் கூப்பிடுங்கள். பள்ளி ஆசிரியர் போதும், நல்ல விவசாயி போதும். என்ன பேசவேண்டும் என்று சொல்லி அனுப்பாதீர்கள். பேசி முடித்ததும் கால்மணி நேரம் கேள்விக்கு விடுங்கள். முதல் கேள்வியைப் பெண்கள் பக்கத்திலிருந்து கேட்கச் சொல்லுங்கள். புறப்படும்போது போகவர பஸ் செலவை மறக்காமல் அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.