எடுத்து வைத்த விடை

வியாபாரக் கணக்கில் இன்று எழும் கேள்விகளில் பெரும்பான்மையானவை நேற்றும் கேட்கப்பட்டவையே. மதுரை சிம்மக்கல்லில் ஒரு மாடியறையில் அமர்ந்து, கீழமாசி வீதி மொத்தக் கடைகள் சிலவற்றின் சரக்கு இருப்பையும் பற்று வரவையும் தரவுத்தளத்தில் பராமரித்துக் கொடுப்பதை ஜீவனமாகக் கொண்ட எனக்கு, இந்த உண்மை தொழிலின் முதற்பாடமாகவே வாய்த்தது. எந்த ஊர்க் கடைக்காரர் எவ்வளவு பாக்கி, துவரம்பருப்பு எத்தனை மூட்டை இருப்பு, சென்ற மாதம் எந்தச் சரக்கு அதிகம் போயிற்று என்னும் கேள்விகளுக்காகப் பல வருஷத்துப் பில் வரிகளை ஒவ்வொரு தடவையும் ஆதியிலிருந்து அலசுவது காலத்துக்கும் நஷ்டம், இயந்திரத்துக்கும் சிரமம். ஆதலால், ஒரு முறை கிடைத்த விடையை எடுத்து வைத்துக்கொண்டு, மறுபடி கேட்பவருக்கு அதையே கொடுப்பது எங்களிடையே நெடுநாளைய வழக்கம். போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளம் 2013-இல் வந்த 9.3-ஆம் பதிப்பிலேயே இதற்கு வசதி செய்து கொடுத்தது. ஸ்னோஃப்ளேக் என்னும் தரவுச் சேவை ஒரு குவெரியின், அதாவது தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வியின், விடையைச் சாதாரணமாக 24 மணி நேரம் காப்பாற்றி வைக்கிறது. குவெரிகளை ஓட்டிப் பார்க்கும் ரீடேஷ் என்னும் மென்பொருள் ஒவ்வொரு விடைக்கும் ஓர் எண் இட்டுப் பத்திரப்படுத்துகிறது.

முன்பெல்லாம் அந்த விடையை எடுத்துக் கொடுப்பவர், தரவுத்தள மொழியான எஸ்க்யூஎல் அறிந்த ஒரு மனிதர். அது எப்போது எடுத்தது, எந்தக் கிடங்கைச் சேர்க்காமல் எடுத்தது என்பதெல்லாம் அவர் மனத்தில் இருக்கும். கொடுக்கும்போதே ஒரு வார்த்தை சொல்லியும் விடுவார். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்னும் பொது நெறியை வெளியிட்ட பிறகு, மொழி மாதிரிகளுக்குத் தரவுத்தளத்தின் கதவைத் திறந்துவிடுவது சுலபமாயிற்று. முதலாளி வாய்மொழியாகக் கேட்கிறார், ஏ.ஐ. ஏஜென்ட் தகுந்த டூலைத் தானே தேர்ந்து, சேமித்த விடையை எடுத்து வந்து, சரளமான தமிழில் சொல்லிவிடுகிறது. நடுவிலிருந்த மனிதரின் ஞாபகம் மட்டும் இந்த மாற்றத்தில் விடுபட்டுப் போகிறது. அந்த ஞாபகத்தை டூலுக்குள் எழுதிவைப்பதே இன்றைக்கு என் வேலையின் சாரம்.

இதற்கு நம்மிடையே பழைய முன்மாதிரி ஒன்று உண்டு. அதுதான் வில்லங்கச் சான்று. 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டம் பத்திரங்களைப் புத்தகங்களில் ஏற்றவும், அவற்றுக்கு அட்டவணைகள் வைக்கவும் விதித்தது; மனை வாங்குகிறவர் ஈ.சி. என்னும் இந்தச் சான்றைப் போட்டுப் பார்ப்பது அந்த அட்டவணைகளில் நடக்கும் ஒரு தேடலே. சான்றில் கிராமமும் சர்வே எண்ணும் தேடிய காலமும் குறிக்கப்பட்டிருக்கும். பதிவு ஒன்றும் அகப்படாதபோதும், இந்தச் சொத்தில் வில்லங்கமே கிடையாது என்று அது சத்தியம் செய்வதில்லை. இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை தேடியதில் காணப்படவில்லை என்ற அளவோடு நின்றுகொள்கிறது. பதியாத பத்திரம் அதில் தெரியாது என்பதை அனுபவஸ்தர்கள் அறிவார்கள். கேள்வியையும் காலத்தையும் எல்லையையும் உடன் சுமந்து வருவதனால்தான் அந்தத் தாள் பிரமாணமாகிறது.

காலத்தின் விஷயத்தில் கூடுதலான விவேகம் வேண்டும். உதாரணமாக, வைகை அணையில் நீரைத் தேக்கும் முழு உயரம் 71 அடி. நீர்மட்டம் 66 அடியைத் தொட்டால் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. காலையில் எடுத்து வைத்த நீர்மட்டம், மாதக் கணக்குப் போடுபவருக்கு மறுநாளும் போதுமானது. மழை பிடித்த மாலையில் ஆற்றங்கரையில் குடியிருப்பவருக்கோ அது பயனற்றது. விடை பழையதா புதியதா என்பதை நிர்ணயிப்பது அதைக் கொண்டு செய்யப்போகும் காரியம். ரீடேஷில் இதற்கு ஒரு சிறு யுக்தி இருக்கிறது: இத்தனை விநாடிக்கு மேற்பட்ட விடை வேண்டாம் என்று வயதுக்கு வரம்பு கொடுக்கலாம், பூஜ்யம் என்றால் கட்டாயம் புதிதாக ஓட்டும், கழித்தல் ஒன்று என்றால் எவ்வளவு பழையதானாலும் இருப்பதைத் தரும். இந்த வரம்பை ஏஜென்டின் ஊகத்துக்கு விடாமல், பாக்கிக் கணக்குக்கு ஒன்று, இருப்புக் கணக்குக்கு ஒன்று என்று நானே விதித்துவிடுகிறேன்.

அடுத்தது பூரணத்தைப் பற்றிய சந்தேகம். அமேசானின் அதீனா என்னும் குவெரிச் சேவை ஒரு தடவைக்கு அதிகபட்சம் 1000 வரிகளையே கொடுத்து, மேலும் இருந்தால் அடுத்த பக்கத்துக்கு ஓர் அடையாளக் குறியை அனுப்புகிறது. அந்தக் குறியைக் கவனியாமல் முதற்பக்கத்தை மட்டும் கூட்டி, இதுவே மொத்தம் என்று ஏஜென்ட் சொல்லுமானால், வாக்கியத்தின் நயத்தில் பிழை மறைந்துவிடும். ஆகையால், கூட்டலைத் தரவுத்தளத்திலேயே முடித்து, தொகையை மட்டும் மாதிரியிடம் கொடுப்பதே உத்தமம்.

விடை வெறுமையாக வருவதிலும் மூன்று வகை உண்டு: தேடியும் ஒன்றுமில்லை, தேடலே தடைப்பட்டது, சேமித்த காலக்கெடு கழிந்துவிட்டது. மூன்றுக்கும் ஒரே வெற்றுப் பதிலைத் தரும் டூல், பாக்கிக்காரரைப் பாக்கியில்லாதவராக ஆக்கிவிடக் கூடும். முதலாளியின் அதிகாரத்தில் எடுத்த விடை குமாஸ்தாவின் கேள்விக்குப் போய்ச் சேராமல் காப்பதும் இதே ஜாக்கிரதையைச் சேர்ந்ததுதான்.

என்னிடம் வேலை பழகும் பிள்ளைகளுக்கு நான் வற்புறுத்துவது இதுதான்: டூல் திருப்பித் தருவதில் முதலில் கேள்வி, பிறகு எடுத்த நேரம், பிறகு வரிகளின் எண்ணிக்கை, அதன் பின்னரே கணக்கு; ஏஜென்ட் தன் பதிலிலும் நேரத்தைச் சொல்லியே ஆக வேண்டும். “இது நேற்று இரவு 9 மணிக்கு எடுத்த இருப்பு” என்று கேட்கும் முதலாளி, திருச்சிக்கு லாரி அனுப்புவதானால் புதிதாக எடுக்கச் சொல்வார். சும்மா தெரிந்துகொள்ளத்தான் என்றால் அதுவே போதும் என்று விடுவார். நஷ்டம் வந்தால் தாங்கப்போகிறவர் அவர். எது போதும் என்று தீர்மானிக்கும் உரிமையும் அவரிடமே இருப்பதுதான் நியாயம்.