கண்ணுக்குத் தெரியாத பழுது

பழைய பொருளை விற்பவன் அதற்குச் சிறிது ஒப்பனை செய்வது உலக வழக்கம். வீட்டுக்கு வெள்ளையடிப்பார்கள், மாட்டைக் குளிப்பாட்டிக் கொம்பு சீவுவார்கள். படகு விற்பவனும் அவ்வாறே செய்கிறான். ஆயினும் படகுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. சுவரில் விரிசல் கண்டால் வீட்டிலிருந்து தெருவுக்கு ஓடி வந்துவிடலாம். கரை மறைந்த கடலில் படகு விரிந்தால் ஓடி நிற்க இடமேது?

அப்பாவுக்கு எழுபது வயது கடந்துவிட்டது. மக்களாகிய நாங்களோ கரைத் தொழில்களுக்குப் போய்விட்டோம். ஆகவே ஒன்பது ஆண்டுகள் எங்களுக்குச் சோறு போட்ட பைபர் படகை விற்பது என்று குடும்பமாக முடிவு செய்தோம்.

முத்துக்குளித்துறையின் முன்னோர் அறிந்தது மரவள்ளம். அதன் பழுது ஒளிந்திருப்பதில்லை. பலகைச் சந்தில் நீர் கசியும். கலப்பற்றுக்காரர் வந்து பஞ்சு திணித்துப் பூசுவார். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின் நம் கரைகளில் பைபர் படகுகள் பெருகின. கண்ணாடி இழை மக்காது, அதைப் புழு துளைக்காது என்பது மெய்தான். ஆனால், எஞ்சினை மாட்டும் பின்பலகையின் உள்ளே இருப்பது மரம். எஞ்சினை இறுக்கும் போல்ட்டுத் துளைகளின் வழியே உப்புநீர் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கும். மேலே கண்ணாடி இழை பளபளக்க, உள்ளே மரம் ஊறி உளுத்துவிடும்.

வேலையைத் தொடங்கினோம். அடிப்புறத்துப் பாசியையும் கொட்டலசையும் சுரண்டினோம். நல்ல தண்ணீரால் கழுவி, பல நாள் வெயிலில் காயவைத்தோம். ஈரத்தின்மேல் ரெசின் ஒட்டாது. சிறு கீறல்களை உப்புத்தாளால் தேய்த்து, இழைப்பாய் வைத்து அடைத்தோம். எஞ்சினை நன்னீர்த் தொட்டியில் ஓடவிட்டு, உள்ளே படிந்த உப்பைக் கழுவினோம். பதிவுச் சான்றையும் எஞ்சின் தாள்களையும் எடுத்து வைத்தோம். இவையெல்லாம் ஒப்பனை அல்ல. வாங்குபவனுக்குச் செய்யும் மரியாதை.

கடைசியாக அப்பா சிறு மரச்சுத்தியலை எடுத்து, அணியத்திலிருந்து பின்பலகைவரை சாண் சாணாகத் தட்டிக்கொண்டே வந்தார். நல்ல இடம் கணீரென்று பேசும். பின்பலகையின் இடப்பக்கத்தில் ஓசை அடங்கி, 'தொப்'பென்று விழுந்தது. எஞ்சினின் காலைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தபோது பலகையும் சற்று நெளிந்தது.

பைபர் வேலை செய்பவர் இரண்டு வழிகளைச் சொன்னார். ஒன்று, உட்புறத்தை வெட்டித் திறந்து, உளுத்த மரத்தை அகற்றிப் புது மரம் வைத்து, அடுக்கடுக்காக இழைப்பாய் போர்த்துவது. அதற்கு ஏறத்தாழ 25,000 ரூபாய் ஆகும். மற்றொன்று, போல்ட்டுத் துளைகளைச் சுற்றிப் பட்டி பூசி, தேய்த்து, வண்ணம் அடிப்பது. "ஒரு பருவம் தாங்கும், யாருக்கும் தெரியாது" என்றார். முதல் வழிக்கு எங்களிடம் பணமில்லை. அப்பாவின் கண் அறுவைக்கும் கூட்டுறவுக் கடனுக்கும் இந்தப் படகின் விலையைத்தான் நம்பியிருந்தோம். அன்றிரவு வீட்டில் நெடுநேரம் பேச்சு நடந்தது.

இக்கேள்வி புதிதன்று. விற்கும் பொருளின் குறையைச் சொல்ல விற்பவன் கடமைப்பட்டவனா என்று 13-ஆம் நூற்றாண்டிலேயே புனித தோமா அக்குவினாஸ் தம் 'இறையியல் தொகுப்பில்' ஆராய்கிறார். ஒற்றைக்கண் குதிரையின் குறை பார்த்தாலே தெரியும். அதற்கேற்ப விலையைக் குறைத்தால் போதும், அதைப் பறைசாற்ற வேண்டியதில்லை என்கிறார். மறைந்திருந்து இழப்பையோ ஆபத்தையோ விளைக்கும் குறையைச் சொல்லியே ஆகவேண்டும். இடியும் நிலையிலுள்ள வீட்டை உறுதியான வீடென்று விற்பது அநீதி என்கிறார். பிறர் பொருளையும் தம்முடையதுபோல் பேணுவதே வாணிகம் என்ற வள்ளுவர் வாக்கும் இதனோடு ஒத்ததே.

எங்கள் மனத்தைத் தொட்டது மற்றொன்று. படகை வாங்குபவர் ஒருவர். அதில் கடலுக்குப் போகிறவர் நால்வர், ஐவர். விலை பேசும் இடத்துக்கு அவர்கள் வருவதில்லை. பலகையைத் தட்டிப் பார்ப்பதும் இல்லை. முதலாளி வாங்கினார், நாம் ஏறுகிறோம் என்ற நம்பிக்கை ஒன்றே அவர்களுக்கு. செபதேயுவின் மக்கள் இயேசுவைப் பின்தொடர்ந்த நிகழ்ச்சியைச் சொல்லும்போது, படகில் கூலியாள்களும் இருந்தார்கள் என்று மாற்கு நற்செய்தியாளர் குறிக்கிறார். பெயரில்லாத அந்தக் கூலியாள்களை மறந்துவிட்டு எந்தப் படகுக்கும் விலை பேசலாகாது. நாங்கள் பூசவிருந்த பட்டி, முகமறியாத அவர்களுடைய உயிரின்மேல் பூசப்படுவதாகவே தோன்றியது.

மற்ற இடங்களுக்கு வண்ணம் அடித்தோம், பின்பலகையைத் தொடவில்லை. வேம்பார்ப் பக்கத்திலிருந்து ஓர் இளைஞர் தம் தம்பியுடன் வந்தார். அவர் கேட்பதற்கு முன்பே அப்பா சுத்தியலை அவர் கையில் கொடுத்து, பழுதுற்ற இடத்தைக் காட்டித் தட்டச் சொன்னார். இளைஞர் தட்டினார், முகம் வாடினார். உள்ளே பார்க்க வேண்டும் என்றார். சம்மதித்தோம். ஒரு சாண் அகலம் வெட்டியதும் கறுத்து ஊறிய மரம் கையோடு வந்தது. செப்பனிடும் செலவையும் அதற்குமேல் சிறிது தொகையையும் விலையில் குறைத்துக் கேட்டார். நியாயமென்றே பட்டது, ஒப்புக்கொண்டோம். கடனை அடைத்தோம், கண் அறுவை சில மாதம் தள்ளிப்போயிற்று.

"வேறு எங்கேயும் உண்டுமா, ஐயா?" என்று இளைஞர் கேட்டார்.

"இல்லை, தம்பி" என்றார் அப்பா.

இளைஞர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார். படகின் மற்றப் பகுதிகளை அவர் தட்டிப் பார்க்கவே இல்லை. ஒரு குறையைக் கேளாமலே சொன்னவரின் 'இல்லை' என்ற சொல், அவருக்குப் பதிவுச் சான்றினும் பெரிய சான்றாயிற்று.

ஒப்புரவுக்கு முன் ஆன்ம சோதனை செய்யும்படி திருச்சபை நம்மைப் பணிக்கிறது. நம்மில் பலர் அப்போது கணீரென்று ஒலிக்கும் இடங்களையே தட்டிவிட்டு எழுந்துவிடுகிறோம். ஓசை அடங்கும் இடம் எதுவென்று நமக்குத் தெரியும். அதன்மேல் எத்தனை பூச்சு பூசியிருக்கிறோம் என்பதும் தெரியும். அந்த இடத்தில் சுத்தியலை வைப்பதே கடினம். ஆனால் நம்மை நம்பி ஏறியிருப்பவர்கள் உண்டு: மனைவி, மக்கள், முதிய பெற்றோர், நம்மிடம் வேலை செய்வோர். அவர்களுக்காகவேனும் அதைத் தட்டிப் பார்ப்போம்.