பூசாமல் விட்ட வெண்மை

நம் வீட்டுக் கூடத்தில் நீர்வண்ண ஓவியம் ஒன்று தொங்குகிறது. பள்ளியொன்றில் ஓவிய ஆசிரியராக இருந்த நம் தந்தையார் வரைந்தது. ஓசூரை அடுத்த தென்பெண்ணைக் கரை. இரண்டு புங்க மரங்கள், நீரில் இறங்கும் ஒற்றையடிப் பாதை, ஆளரவமற்ற பிற்பகல். கீழ்மூலையில் 1978 என்று குறித்திருக்கிறார். நீரின் ஒளிக்கு வெள்ளை வண்ணத்தை அவர் தொடவில்லை. நீர்வண்ணத்தில் வெண்மை என்பது பூசாமல் விட்ட தாள்தான் என்பார்.

இவ்வட்டாரத்தை ஓவியர்கள் நாடி வந்தது புதிதன்று. மூன்றாம் மைசூர்ப் போர் ஓய்ந்த 1792இல் தாமஸ் டேனியலும் அவர் அண்ணன் மகன் வில்லியமும் பாராமகால் வழியே பயணம் செய்து, ராயக்கோட்டையையும் ஓசூரையும் வரைந்தனர். அவை லண்டனில் அச்சுப் படங்களாயின. போரின் புகை அவற்றில் இல்லை. நிலக்காட்சியின் அமைதி பெரும்பாலும் ஓவியர் தேர்ந்துகொள்வதே. தந்தையாரும் அன்று ஓசூரில் எழத் தொடங்கியிருந்த சிப்காட் ஆலைகளுக்கு முதுகு காட்டி அமர்ந்தவர்தாம்.

சென்ற பருவத்தில் வகுப்பில் கபிலரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். பாரியின் மகளிரை ஒப்படைத்துவிட்டு அவர் உயிர்நீத்ததாகச் சொல்லப்படும் கபிலர் குன்று, திருக்கோவலூரில் பெண்ணையாற்றின் நடுவே நிற்கிறது என்றோம். கெலவரப்பள்ளிப் பக்கத்திலிருந்து வரும் மாணவி எழுந்து கேட்டாள்:

"நம்ம ஊர்ல நுரை வருதே, அந்த ஆறா ஐயா?"

அதே ஆறுதான். நந்திமலைப் பகுதியில் பிறந்து, பெங்களூரின் சாக்கடையையும் ஆலைக் கழிவையும் ஏற்று, தமிழக எல்லைக்குள் நுழைகிறது. நீரில் கரைந்த சலவைப் பொருள்கள், கெலவரப்பள்ளி அணையின் மதகுகளில் விழும்போது காற்றோடு கலந்து நுரைக்கின்றன. மழைக்காலத்தில் அந்நுரை பனிமலைபோல் எழுந்து தரைப்பாலங்களை மூடுகிறது. நாற்றம் கரையில் நிற்கவிடாது.

அன்று மாலை ஓவியத்தின் முன் நெடுநேரம் நின்றோம். தந்தையார் இன்று அங்கே அமர்ந்தாலும் ஆற்றில் தாளின் வெண்மையை அப்படியே விட்டிருப்பார்; அது ஒளியாக இராது என்பதே வேறுபாடு. பழியைப் பெங்களூர்மேல் போட்டுவிடுவது எளிது. நம் வீட்டுச் சலவை நீர் எங்கே போகிறது என்று நாம் ஒருநாளும் கேட்டதில்லை.

ஓவியத்தைக் கழற்றிவிடலாமா என்றும் தோன்றியது; மனம் வரவில்லை. ஆறு இப்படியும் இருந்தது என்பதற்கு நம்மிடம் உள்ள சான்று அது ஒன்றே. அடுத்த முறை கபிலர் பாடம் வரும்போது மாணவர்களைக் கெலவரப்பள்ளிக் கரைக்கு அழைத்துச் செல்வதாக இருக்கிறோம். ஓவியத்தையும் உடன் கொண்டுபோவோம்.