தந்தை கேட்ட கேள்வி

2000ஆம் ஆண்டு செப்டம்பரில், அர்ஜெண்டினாவின் ரொசாரியோ நகரிலிருந்து ஹோர்ஹே மெஸ்ஸி தம் 13 வயது மகன் லியோனலைப் பந்தாட்டத் தேர்வுக்காகப் பார்சிலோனாவுக்கு அழைத்துச் சென்றார். வளர்ச்சிச் சுரப்பு குறைந்ததால் வயதுக்கேற்ற உயரம் எய்தாத சிறுவன் அவன். நாள்தோறும் ஊசி மருந்து வேண்டும். அதன் செலவோ குடும்பத்திற்குப் பெருஞ்சுமை.

ஆட்டத்தைக் கண்டோர் வியந்தனர். ஆயினும் வியப்பு வேறு, வாக்குறுதி வேறு. மருத்துவச் செலவோடு ஓர் அயல்நாட்டுச் சிறுவனை ஏற்கக் கழகத்தார் தயங்கினர். ஊர் திரும்பிய தந்தை உறுதி கேட்டார். டிசம்பர் 14ஆம் நாள், கழகத்தின் கார்லஸ் ரெக்சாக் கைக்குக் கிடைத்த கைத்துடைப்புத் தாளிலேயே உறுதி எழுதிக் கையொப்பமிட்டார்.

2001இல் குடும்பமே குடிபெயர்ந்தது. சில மாதங்களில் தாயும் உடன்பிறந்தோரும் ஊர் திரும்பினர். திரும்பிவிடலாமா என்று தந்தை மகனையே கேட்டார். தனிமையில் கண்ணீர் வடித்த அச்சிறுவன், தங்குவதையே விரும்பினான். தந்தையும் உடன் தங்கினார்.

அந்தத் தாள் 2024இல் 762,400 பவுண்டுக்கு ஏலம் போயிற்று. கழகத்திடம் எழுத்தைக் கேட்ட தந்தை, மகனிடம் மனத்தைக் கேட்டார். பிள்ளைகளைத் தேர்வுக்கு அழைத்துச் செல்வோர் மறக்கலாகாத கேள்வி அந்த இரண்டாவதே அன்றோ!