மிதிவண்டியின் அச்சும் மூவகை அளவையும்

ஒரு பொருளை உள்ளவாறு அறிதற்குக் காண்டல், கருதல், உரை என அளவை மூன்று என்பதைச் சிவஞான சித்தியாரின் அளவையியலிற் கற்கின்றோம். கற்பார் பலர்க்கும் மலையிற் புகையும் அதனால் உய்த்துணரப்படும் நெருப்புமே எடுத்துக்காட்டாய் நின்றுவிடுகின்றன. அன்றாடம் நம் கைபடும் பொருளொன்றில் இம்மூன்றும் தத்தம் எல்லையில் நின்று தொழிற்படுதலைப் பல்லடத்தில் எம் இல்லத்துத் திண்ணையில் யான் கண்டேன். அதனையே ஈண்டு எழுதப் புகுகின்றேன்.

அப்பொருள் எந்தையார் ஊர்ந்த ராலே மிதிவண்டி. இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் நகரில் 1888-இல் நிறுவப்பெற்ற தொழிற்சாலையிற் செய்யப்பட்டது. அம்பத்தூரில் மிதிவண்டித் தொழிற்சாலை 1949-இல் தோன்றுதற்கு முன் தென்னாட்டு வீதிகளில் ஓடியவற்றுட் பல இத்தகைய சீமை வண்டிகளே. எந்தையார் மாதந்தோறும் இதிலேறித் திருப்பூர் வழியாக அவினாசி சென்று வழிபட்டு மீள்வர். அவர்க்குப் பின் இது எம்மிடம் வந்தது.

சில திங்களாக மிதி ஒரு சுற்று வருந்தோறும் ஓர் ஒலி எழுந்தது. காலடியில் ஒரு தளர்ச்சியும் தோன்றிற்று. குற்றம் மிதியிலோ, மிதிக்கையை அச்சோடு பிணிக்கும் காட்டர் பின்னிலோ, அச்சைத் தாங்கும் கிண்ணங்களிலோ இருத்தல் கூடும். உள்ளிருப்பது கண்ணுக்குப் புலனாகாமையின் கருதலே துணை. சங்கிலியைக் கழற்றிவிட்டு இடக்கையைப் பற்றி அசைத்தேன். அது மட்டும் அசையின் குற்றம் பின்னில். வலக்கையும் உடன் அசையின் குற்றம் அச்சில். இரண்டும் ஒருங்கே அசைந்தன. ஆகவே கிண்ணமும் குண்டும் தேய்ந்தன எனத் துணிந்தேன்.

அச்சைத் திறத்தற்கு முதலிற் பின்னைக் கழற்றல் வேண்டும். அதன் நட்டை முழுதும் எடாது மரையின் நுனியளவு நிறுத்தி, மிதிக்கையின் கீழ் ஒரு கட்டையை முட்டுக்கொடுத்து, சுத்தியலால் ஒரே வன்மையான அடி கொடுத்தல் முறை. மெல்லிய அடிகள் பல கொடுப்பின் பின் வளையுமேயன்றிக் கழலாது. பின்னிரண்டும் நீங்கியபின் இடப்பக்கத்துப் பூட்டு வளையத்தையும் கிண்ணத்தையும் இடஞ்சுழியாகத் திருகி எடுத்தேன். பக்கத்துக்கு 11 ஆகக் கால் அங்குலக் குண்டுகள் 22 விரித்த துணியில் உதிர்ந்தன. கிரீஸ் கறுத்து, நம்மூர்த் தறிகளின் பஞ்சுத் தூசோடு கலந்து களிமண்போல் இறுகியிருந்தது. மண்ணெண்ணெயிற் கழுவிப் பனியன் வேஸ்ட்டால் துடைத்து நோக்கியவழி, வலக்கிண்ணத்தில் குண்டோடும் தடத்தில் குழிகள் கிடந்தன. கருதலால் துணிந்ததனைக் காண்டல் உறுதிப்படுத்தியது.

வலக்கிண்ணம் பழுதுறாதாயின் அதனை இருந்தபடியே துடைத்து விடுதல் நன்று. ஈண்டு அது கழற்றப்படவே வேண்டும். எம்மருங்கு திருகுவது? இவ்வண்டியில் அதுகாறும் கழற்றிய திருகெல்லாம் இடஞ்சுழியாகவே கழன்றன. ஆகலின் இதுவும் அவ்வாறே என்று கருதல் கூறும். வலப்புறம் நின்று நோக்கின் அச்சு வலஞ்சுழியாகச் சுழல்கின்றது. அது கிண்ணத்தையும் உடனிழுக்குமாதலின், நேர்மரையே தானாக இறுகும் என மேலும் ஓர் ஏது காட்டும். இரண்டும் நேர்மையான கருதல்களே. எனினும் இரண்டும் பொய்.

இதனை எமக்கு உரைத்தவர் ஐம்பது ஆண்டுக்கு மேலாக இவ்வூரில் மிதிவண்டிகளை ஓவராயில் செய்துவரும் முதியவர் ஒருவர். “வலப்பக்கம் மட்டும் எதிர்மரைங்க தம்பி; இறுக்கற மாதிரி திருப்புனாத்தான் கழலுமுங்க” என்றார். அவ்வாறே வலஞ்சுழியாகத் திருக, பல்லாண்டு அசையாதிருந்த கிண்ணம் இளகிற்று.

உரையால் உணர்ந்ததன் காரணம் பின்னர் விளங்கியது. கிண்ணத்தின் மரைக்கும் சட்டத்தின் மரைக்கும் இடையே நூலளவினும் நுண்ணிய இடைவெளி உண்டு. குண்டுகள் உருண்டு செல்லுந்தோறும் பாரம் அழுத்துமிடம் வலஞ்சுழியாகச் சுற்றி வர, கிண்ணமோ இடஞ்சுழியாகச் சிறிது சிறிதாக நகரும். ஐயுறுவார், பெரிய வளையலொன்றை அசையாது பிடித்து, சற்றே சிறிய வளையலை அதனுள் வைத்து, எழுதுகோலொன்றைச் சிறியதன் உட்புறம் அழுத்தி உருட்டியவாறு வலஞ்சுழியாகக் கொண்டு செல்க. சிறிய வளையல் எதிர்மருங்கு திரும்புதலைக் கண்ணாரக் காணலாம். பிரெஞ்சு, இத்தாலிய முறைகளில் இருபக்கமும் நேர்மரையே. அவற்றின் வலக்கிண்ணம் தளரும் இயல்பினதென்பது தொழிலறிந்தார் பலரும் கண்டது.

முதியவரைக் கேளாது நீண்ட கைப்பிடியிட்டு இடஞ்சுழியாக வலிந்திருப்பின், கிண்ணம் மேலும் இறுகிச் சட்டத்தின் மரையே சிதைந்திருக்கும். பின் அச்சட்டம் பழைய இரும்பு விலைக்கே உரியது. அவர் உரைத்தது மற்றொன்றும் உண்டு. ஏனைய ஆங்கில முறை வண்டிகளில் இம்மரை அங்குலத்துக்கு 24 புரி. பழைய ராலேயில் 26. கடையிற் கிடைக்கும் கிண்ணம் பார்வைக்கு ஒத்ததாகவே தோன்றும்; ஓரிரு சுற்று உட்புகுந்தபின் மரையை அறுத்துவிடும். ஈண்டுக் காண்டலும் மயங்கும். அவர்தம் பழைய பெட்டியிலிருந்து 26 புரிக் கிண்ணம் ஒன்றை எடுத்தளித்தார். புதுக் குண்டுகளைக் கிரீஸிற் பதித்து, இடக்கிண்ணத்தை ஆட்டம் நீங்குமளவு மட்டும் இறுக்கி, அஃது அசையாவண்ணம் பிடித்துக்கொண்டு பூட்டு வளையத்தைத் திருகினோம். பின்களை ஒன்றற்கொன்று எதிர்முகமாக அடித்துச் செலுத்தியபின்னரே நட்டை இட்டோம்.

உரையளவை ஆப்தனைப் பற்றி நிற்பது. இக்காலத்து வண்டிகளில் அச்சும் குண்டும் ஒரே கூட்டில் மூடப்பட்டு வருதலின், அதனைத் திறப்பாரும் இல்லை; திறக்கக் கற்பாரும் இல்லை. அம்முதியவரின் மைந்தர் பனியன் கம்பெனிக்குச் செல்கின்றனர். தொழில் அவரோடு நிற்கின்றது. ஆதலின் பழைய வண்டியை இல்லத்தில் உடைய அன்பர்கள், தம்மூரில் இத்தகையார் உளராகும்பொழுதே சென்று கேட்பாராக. வலக்கிண்ணம் எம்மருங்கு கழலும், மரைக்கு எத்தனை புரி என்ற இரண்டையும் ஒரு தாளில் எழுதி வண்டியோடு வைத்தல் நன்று.