சும்மா ஓடுற பொண்ணு

எங்க ஊர்ல வட்டம்னா விலாசம். "நீங்க எந்த வட்டம்?"னு கேட்டுத்தான் நெய்வேலிக்காரங்க பேச்சையே ஆரம்பிப்பாங்க. டவுன்ஷிப்பையே வட்டம் வட்டமா பிரிச்சு நம்பர் போட்டு வெச்சிருக்காங்க. அதனால, நெட்பால் கோர்ட்ல சுண்ணாம்புத் தூள்ல ஒரு அரைவட்டம் போட்டு, "நம்ம சைடுல ஜி.எஸ்., ஜி.ஏ. ரெண்டு பேர்தான் இதுக்குள்ள போகலாம்"னு நான் சொன்னப்ப, ஒரு வாண்டு "இது எத்தனாவது வட்டம் சார்?"னு கேட்டுச்சு. மொத்த டீமும் சிரிச்சுது. அன்னைக்கு உருப்படியா நடந்தது அது ஒண்ணுதான் :-)

நான் கோச் எல்லாம் இல்லீங்க. ஸ்கூல் படிக்கும்போது பாஸ்கெட்பால் ஆடினவன், அவ்வளவுதான். தெரிஞ்ச பி.டி. மிஸ் ஒருத்தங்க "சனி, ஞாயிறு வந்து பொண்ணுங்களுக்குக் கொஞ்சம் சொல்லிக் குடுங்களேன்"னாங்க. பாஸ்கெட்பாலோட தங்கச்சி தானேன்னு தலையாட்டிட்டேன். தங்கச்சிதான், ஆனா குணம் வேற. பந்தைத் தட்டிக்கிட்டு ஓட முடியாது. கையில வந்தா 3 செகண்டுக்குள்ள விட்டாகணும். பின்னாடி போர்டு கிடையாது, வெறும் வளையம். நெஞ்சுல மாட்டியிருக்கிற எழுத்துதான் யார் எங்க போகலாம்னு முடிவு பண்ணும்.

இதுல இருந்து ஒரு விஷயம் வருது, அது எனக்கு மண்டையில ஏற ரெண்டு மாசம் ஆச்சு. பாஸ்கெட்பால்ல பந்து வெச்சிருக்கிறவனே தட்டிக்கிட்டுப் போய் தனக்கு இடம் பண்ணிக்குவான். நெட்பால்ல பந்து வெச்சிருக்கிறவ கிட்டத்தட்ட நட்டு வெச்ச கம்பம். பந்து இல்லாதவங்க ஓடினாத்தான் இடமே பொறக்கும்.

கோர்ட் நீளம் 30.5 மீட்டர், அகலம் 15.25. அதுல மூணுல ஒரு பங்குதான் அட்டாக் பண்ற இடம். அங்க நம்மாளுங்க நாலு, எதிராளுங்க நாலு. கணக்குப் போட்டா ஒரு ஆளுக்கு 19 சதுர மீட்டர் வரும், ஒரு சின்ன ரூம் அளவு. ஆனா எங்க பொண்ணுங்க எட்டு பேரும் ரேஷன் கடை க்யூ மாதிரி அரைவட்டத்துக்கு முன்னாடி மொய்ச்சுக்கிட்டு நிப்பாங்க. எல்லாருக்கும் பந்துகிட்ட போகணும். "இங்க, இங்க"ன்னு கத்தல் வேற.

எங்க ஜி.எஸ். நல்ல உயரம். அதனால எங்க பிளான் சிம்பிள்: பந்தைத் தூக்கி அவகிட்ட போடு. பிராக்டிஸ் மேட்ச் ஒண்ணுல இது நல்லாவே ஓடிட்டிருந்தது. என் கண்ணுல உறுத்தினது ஜி.ஏ. பொண்ணு மட்டும்தான். பந்து நடுவுல இருக்கும், இவ சைடு லைன் பக்கம் ஓடுவா. திரும்பி வருவா. மறுபடி ஓடுவா. "பந்து இங்க இருக்கு, நீ எங்கம்மா சும்மா சும்மா ஓடுற?"ன்னு எல்லார் முன்னாடியும் கத்தினேன். மூணாவது குவார்ட்டர்ல அவளை வெளிய உக்கார வெச்சுட்டேன்.

அப்புறம் நடந்ததுதான் கூத்து. அவ இடத்துல வந்த பொண்ணு நான் ஆசைப்பட்ட மாதிரியே நடுவுல நின்னா. கூடவே அவளைப் பிடிக்கிற ஜி.டி.யும் நின்னா. உயரக்காரிக்குப் போற பந்தை எல்லாம் முன்னாடியே எம்பிப் பிடிச்சுட்டா. வரிசையா ஆறு பந்து போச்சு.

மேட்ச் முடிஞ்சு அவகிட்ட போய் "ஏம்மா அப்படி ஓடின?"ன்னேன். தரையைப் பாத்துக்கிட்டே சொன்னா: "நான் போனா அவளும் பின்னாடியே வர்றா சார். அந்த இடம் காலியாயிடுது. அதான்."

யாரும் சொல்லிக் குடுக்காம அவளே கண்டுபிடிச்சிருக்கா. அதுக்குத்தான் நான் கத்தியிருக்கேன். அடுத்த சனிக்கிழமை அவ வரலை. வீட்ல வேலையாம். எனக்குத் தெரியாதா என்ன வேலைன்னு.

அந்த வாரம் முழுக்க தர்ஜினி சிவலிங்கம் ஆடின வீடியோக்களாத் தேடிப் பாத்தேன். யாழ்ப்பாணத்துப் பொண்ணு, உயரம் 208 செ.மீ. வளையம் இருக்கிறது 305 செ.மீ. உயரத்துல. (அங்க இந்த ஆட்டத்துக்கு வலைப்பந்தாட்டம்னு அழகா பேர் வெச்சிருக்காங்க. நம்ம பக்கம் அப்படிச் சொன்னா டென்னிக்காய்ட் வளையப்பந்துன்னு நினைச்சுக்குவாங்க.) 2018லயும் 2022லயும் ஆசிய சாம்பியன் ஆன இலங்கை டீம்ல இருந்தவங்க. 2019 லிவர்பூல் உலகக் கோப்பையில அதிக கோல் போட்டது அவங்கதான். ஆனா அந்தத் தடவை 16 டீம்ல இலங்கைக்கு 15வது இடம். இத்தனை நாள் அவங்க கையை மட்டும்தான் பாத்திருக்கேன். இப்ப, பந்து அவங்ககிட்ட போறதுக்கு முன்னாடி மத்தவங்க கால் என்ன பண்ணுதுன்னு பாத்தேன்.

அவ திரும்பி வந்தது பி.டி. மிஸ் புண்ணியத்துல. நான் எல்லார் முன்னாடியும் "தப்பு என்னுது"ன்னு சொல்லிட்டு, அவளையே ஓடிக் காட்டச் சொன்னேன். அட்டாக் இடத்தை ஆறு கட்டமா பிரிச்சோம். ஒரு கட்டத்துல நம்மாளு ரெண்டு பேர் நின்னா பந்து அடுத்த டீமுக்கு. முதல் நாள் ஒரே சண்டை. அப்புறம் நேரம். பந்து பிடிச்சவ கால் ஊணித் தலை தூக்கறதுக்குள்ள ஓடி முடிச்சுட்டா அந்த ஓட்டம் வேஸ்ட். போகவேண்டிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் ரெண்டு அடி வெச்சு, கூட இருக்கிறவளை இழுத்துட்டு, சட்டுனு திரும்பணும். உயரக்காரிக்கும் வேலை உண்டு: கையைத் தூக்கிக்கிட்டு நின்னா போதாது, முதுகால ஜி.கே.வை ஒரு பக்கம் மறிச்சு, மறுபக்கம் இடத்தைக் காப்பாத்தி வெக்கணும்.

"பந்தே வராதுன்னா எதுக்கு சார் ஓடணும்?"னு ஒருத்தி கேட்டா. "மைன்ஸ்ல மேல்மண் எடுக்காம கரி எடுக்க முடியுமா?"ன்னேன். பாதிப் பேரோட அப்பாக்கள் சுரங்கத்துல, சட்டுனு புரிஞ்சுது.

ஸ்கோர் நோட்டுல கோலுக்கும் தவறினதுக்கும்தான் கட்டம் இருந்துச்சு. பென்சில்ல மூணாவதா ஒண்ணு போட்டேன். நம்ம ஓட்டத்தால திறந்த இடத்துல இன்னொருத்தி பந்து பிடிச்சா ஒரு கோடு.

ஜோனல்ல செமிஃபைனல்லயே தோத்துட்டோம். எதிர் டீம் நல்ல டீம், குறை சொல்ல ஒண்ணுமில்லை. பஸ்ல வரும்போது நோட்டை அவகிட்ட காட்டினேன். அவ பேருக்கு நேரா கோல் 4, மூணாவது கட்டத்துல 17 கோடு. "இது என்ன சார்?"னா. சொன்னேன். ஜன்னல் பக்கம் திரும்பி விரல் விட்டு எண்ணிக்கிட்டே வந்தா.

"18 சார். செகண்ட் குவார்ட்டர்ல ஒண்ணு விட்டுட்டீங்க."